காணி நம்முடையது, கல் யாருடையது?

ஆசிரியத் தலையங்கம் எழுதுவோர் தம்மை 'நாம்' என்று குறிப்பிடுதல் பத்திரிகை மரபு. இந்த வாரம் அம்மரபினின்றும் சற்று விலகி 'நான்' என்றே எழுத எண்ணுகிறேன். சொல்லப்போகும் பொருளில் எனக்கும் ஒரு சிறு குற்றப் பங்கு உண்டு; அதனைப் பன்மைக்குள் மறைத்தல் நேர்மையாகாது.

அண்மையில் கற்பிட்டியிலே ஒரு பாடசாலையின் தமிழ் மன்றக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். பாலாவியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் அந்த நெடுஞ்சாலையின் ஒரு புறத்தில் களப்பு, மறுபுறத்தில் கடல். நடுவிலே தென்னையும் உப்பளமும் வெங்காயத் தோட்டமுமாக ஒடுங்கிய மணல் நிலம். அந்நிலத்தின் நுனியை அண்மித்து ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கோட்டை நிற்கின்றது. அதன் மதிலருகே சென்று பார்ப்போர் பவளக்கல்லும் சுண்ணக்கல்லும் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கடல் பல்லாயிரம் ஆண்டுகள் உழைத்துச் செய்த பொருளைக் கொண்டு மனிதன் ஒன்பது ஆண்டுகளில் ஓர் அரண் செய்துகொண்டான். புத்தளக் கரையில் கல்லெடுப்பது நேற்றுத் தோன்றிய தொழிலன்று என்பதற்கு அம்மதிலே சான்று.

மறுநாட் காலை நண்பரான ஆசிரியர் ஒருவர் என்னை வண்ணாத்திவில்லுப் பக்கமாக அழைத்துச் சென்றார். வழியிலே ஒரு வேலியோரத்தில் முதியவர் ஒருவர் குந்தியிருந்தார். அருகிலே அலவாங்கு, சம்மட்டி, இரண்டு உளிகள்; அவற்றுக்கு அப்பால் ஆளுயரக் குழியொன்று. குழியிலே வேலை நடப்பதாகத் தெரியவில்லை. விசாரித்தபோது, சில வாரங்களுக்கு முன் கல்லேற்றிச் சென்ற உழவு இயந்திரத்தைப் பொலிசார் மறித்துப் பிடித்தனர் என்றும், அனுமதிப்பத்திரம் இல்லாமையால் நீதிமன்றத்திலே தண்டம் செலுத்த நேர்ந்தது என்றும் கூறினார். பின்பு என் நண்பரை நோக்கி அவர் கேட்ட கேள்வி இது:

"மாஸ்டர், இது என்ட வாப்பா தந்த காணி. உறுதி பெட்டிக்குள்ள கிடக்குது. காணி என்டதெண்டா கல்லு மட்டும் எப்பிடி அரசாங்கத்துட கல்லாகும்?"

நண்பர் மறுமொழி சொல்லாது என்னைப் பார்த்தார். நானும் மறுமொழி சொல்லவில்லை. பத்திரிகை ஆசிரியன் ஒருவன் எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருப்பான் என்று எண்ணும் நண்பர்களுக்கு முன்னே வாய் மூடி நிற்பது எளிதன்று. அன்று சொல்லாத மறுமொழியை இன்று எழுத முயல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலிற் பார்ப்போம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் இந்நாட்டிலுள்ள கனிப்பொருள்கள் அனைத்தின் உரிமையையும் குடியரசிடம் ஒப்படைக்கின்றது. மேலேயுள்ள மண்ணுக்கு எவர் உரியவராயினும் கீழேயுள்ள கனிப்பொருள் அவருடையதன்று. அதனை அகழவோ, பதப்படுத்தவோ, ஏற்றிச் செல்லவோ, விற்கவோ உரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை வழங்கும் அதிகாரம் அதே சட்டத்தால் அமைக்கப்பட்ட புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்துக்கு உரியது. யந்திரங்கொண்டு பெருமளவிலே அகழ்வோருக்கு ஒருவகைப் பத்திரமும், கைக்கருவி கொண்டு சிறுகச் செய்வோருக்கு வேறொரு வகைப் பத்திரமும் உள. வெடி வைப்பதாயின் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள்கள் சட்டத்தின்கீழ் மற்றுமோர் அனுமதி பெறுதல் வேண்டும். கரையோர வலயத்துக்குள்ளே, அதாவது உயர்நீர்க் குறியிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றருக்குள்ளே, பவளக்கல் அகழ்தலை 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 ஆம் ஆண்டின் திருத்தமும் முற்றாகத் தடுத்துள்ளன.

ஆகவே முதியவரின் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை உண்டு: உறுதி மண்ணுக்கு, கல்லுக்கன்று. ஆயினும் சட்டம் ஒன்றைச் சொல்கின்றது என்பதும், அது சொல்வது நியாயம் என்பதும் ஒன்றல்ல. பழைய உரோம ஒல்லாந்தச் சட்டக் கொள்கை நிலத்துக்கு உரியவனை வானம் வரையும் பாதாளம் வரையும் உரியவனாகக் கருதிற்று. அயலிலே இந்தியாவில் மலபார் நிலவுடைமையாளர் தொடுத்த வழக்கிலே, சட்டப்படி பறிக்கப்பட்டாலன்றி நிலத்துக்கு உரியவரே நிலத்தடிக் கனியத்துக்கும் உரியவர் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2013 இலே தீர்ப்பளித்தது. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் ஒரு நீதி, மறு கரையில் வேறொரு நீதி! இரண்டையும் ஒருங்கே நோக்குவோர்க்கு, முதியவரின் கேள்வி அறியாமையாற் பிறந்ததன்று என்பது புலனாகும்.

எனினும் உரிமை யாருடையது என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. அந்தக் கல் அவ்விடத்திலே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும்.

புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை பரந்து கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய பாறை அது. மழைநீர் அதன் வெடிப்புக்களினூடே இறங்கிக் கீழே தேங்குகின்றது. வண்ணாத்திவில்லுப் பகுதியின் நிலத்தடி நீர் இச்சுண்ணக்கல்லுக்குள்ளேதான் இருக்கின்றது. கற்பிட்டியின் மணலிலோ நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கின்றது. கரையோர நிலத்தடி நீரைப் பற்றி அறிவியலாளர் கூறும் கணக்கொன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உவர்நீரை அது அழுத்தி வைத்திருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி தாழ்ந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறும். ஒருவர் தம் காணியிலே நீர்மட்டம் வரை குழி தோண்டினால், வெயில் அந்நீரைக் குடிக்கும். இழப்பு அவர் கிணற்றோடு நிற்பதில்லை. வேலிக்கு அப்பாலுள்ளவரின் கிணறும் உவர்க்கும். அடுத்த வீட்டாரின் கிணறு முதியவரின் உறுதியிலே எழுதப்படவில்லை!

காணிக்கு எல்லைக்கல் உண்டு. நீருக்கு எல்லைக்கல் இல்லை. அனுமதிப்பத்திரம் என்ற ஒன்று வேண்டப்படுவதன் நியாயம் இதுவேயாகும். அரசு கல்லின்மேல் ஆசைகொண்டு கேட்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையிலோ அயலவருடைய கிணற்றின் சார்பில் ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது. அதனை அரசு கேட்கின்றது. அவ்வாறு கேட்கும் வரையிலேதான் அதற்கு அவ்வுரிமை உண்டு.

நான் இதனைக் கற்பனையாகச் சொல்லவில்லை. தென்கரையிலே நடந்ததை நினைவூட்டுகிறேன். அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடையே சுண்ணாம்புக் காளவாய்களுக்காக ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 18,000 தொன் பவளக்கல் எடுக்கப்பட்டதென 1984 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு ஒன்று காட்டிற்று. எடுத்தோர் பெரும்பாலும் ஏழைகள். ஒவ்வொருவரும் எடுத்ததோ சிறிதளவு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. பவளப்பாறை அகழப்பட்டிருந்த பெரலியவிலே ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்தில் எழுந்த அலை நிலத்துக்குள் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை புகுந்து, புகையிரதம் ஒன்றையும் அதிலிருந்தோரையும் அள்ளிச் சென்றது. சில கிலோமீற்றர் தொலைவிலே, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையிலோ அலை இரண்டு மூன்று மீற்றர் உயரமே எழுந்து 50 மீற்றர் அளவிலே அடங்கிற்றென்று பின்னர் ஆய்வு செய்தோர் எழுதியுள்ளனர். சிறுகச் சிறுக எடுத்தவர்கள் ஒருவரும் தாம் ஓர் அரணை இடிப்பதாக எண்ணியிருக்கமாட்டார்கள்.

புத்தள மாவட்டத்திலும் இதனையொத்தது உண்டு. தெதுறு ஓயாவிலும் மகா ஓயாவிலும் மணல் அள்ள அள்ள, ஆறு கடலுக்குக் கொண்டுசெல்லும் மணல் குறைகின்றது; மணல் பெறாத கடல் கரையைத் தின்னத் தொடங்குகின்றது. மாரவிலைப் பக்கத்துக் கரையோர மக்கள் இதனைக் கண்கூடாகக் கண்டவர்கள். மணல் எடுத்த இடம் ஒன்று. வீடிழந்த இடம் வேறொன்று.

ஆதலால் அனுமதிப்பத்திரமே வேண்டாம் என்று கூறுவோருடன் நான் உடன்படவில்லை. அம்முறையையும் இந்நாடு ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தது. 2019 டிசம்பரிலே மணல், மண் முதலியவற்றை ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்று அமைச்சரவை தீர்மானித்தது. சிறு தொழிலாளரின் தொல்லையை நீக்குவதே நோக்கம் எனப்பட்டது. வழக்குத் தொடரப்பட்டு, 2020 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இடைநிறுத்த வேண்டியதாயிற்று. கதவைக் கழற்றி எறிந்தால் ஏழை மட்டும் உள்ளே வருவதில்லை. அவன் பின்னாலே யந்திரமும் வரும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். முதியவரின் குழியிலிருந்து அதிக தூரமில்லாத அறுவாக்காட்டிலே பெருங் கற்குழிகள் உள்ளன. பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அங்கே பல பத்தாண்டுகளாகச் சுண்ணக்கல் அகழப்பட்டு, அதற்கெனப் போடப்பட்ட இருப்புப் பாதையிலே கொண்டுசெல்லப்படுகின்றது. அது அனுமதி பெற்று நடப்பது. நாடு முழுவதும் வீடு கட்டச் சீமெந்து வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கல் எடுத்து முடிந்த பின் அந்நிலத்துக்கு என்ன நேர்ந்தது? 2017 ஏப்பிரலில் கொழும்பு மீதொட்டமுல்லையிலே குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் குப்பையைக் கொட்டும் இடமாக, ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அறுவாக்காட்டின் கைவிடப்பட்ட அகழ்நிலமே தெரிவாயிற்று. புத்தளத்து மக்கள் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்ற வேறுபாடின்றி மாதக்கணக்காக எதிர்த்தனர். 2019 இல் குப்பை வந்து சேர்ந்தது.

இதைக் கண்ணாற் கண்ட மனிதரிடம் சென்று, "ஐயா, உமது ஆளுயரக் குழி சுற்றாடலைக் கெடுக்கும், அதற்குத் தண்டம் கட்டும்" என்று கூறினால், அவர் நகைப்பாரா, அழுவாரா? சட்டம் சரியானதே. அது யார்மேல் முதலில் விழுகிறது என்பதிலே நீதி பிறழ்ந்துவிடுகின்றது. தெருவிலே செல்லும் உழவு இயந்திரத்தை மறிப்பது எளிது. கல்லைக் கேட்டு வாங்கிய ஒப்பந்தகாரரைத் தேடுவது கடினம். எளிதானதைச் செய்துவிட்டுச் சட்டம் நிறைவேறிற்று என்று ஏட்டிலே பதிந்துகொள்கிறோம்.

பத்திரம் பெறுவதுதான் அவருக்கு எளிதா? காணி உறுதி, நில அளவைப் படம், பிரதேச சபையின் இசைவு, பிரதேச செயலகத்தின் இசைவு, சுற்றாடற் பாதுகாப்பு உத்தரவுப்பத்திரம் என்று கந்தோர் கந்தோராக நடத்தல் வேண்டும். நடக்கும் ஒவ்வொரு நாளும் கூலியில்லாத நாள். பாட்டன் தந்து, வாப்பா தந்து, எழுதப்படாத பங்குகளாகப் பிரிந்த காணிக்கு நில அளவைப் படம் எங்கே? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மிகப் பலர் இம்மாவட்டத்திலேயே வந்து தங்கினர். அவர்களுட் பலருக்குக் குடியிருந்த நிலத்துக்கே நெடுங்காலம் உறுதி இல்லை. பத்திரத்தைப் பெறமுடியாத நிலையிலே வைத்துவிட்டுப் பத்திரமில்லை என்று தண்டித்தல், பூட்டிய பாடசாலை வாயிலிலே நின்று பிள்ளையைப் பிந்தி வந்தாயென்று அடிப்பதற்கு ஒப்பாகும். ஆசிரியர்களான வாசகர்கள் இதனை நன்குணர்வார்கள்.

இதற்கு மாற்று என்ன? இந்நாட்டின் உயர் நீதிமன்றமே 2000 ஜூன் 2 ஆம் திகதி வழி காட்டியிருக்கின்றது. எப்பாவலையின் பொசுபேற்றுக் கனியத்தை அந்நியக் கம்பனியொன்றுக்கு அளிக்கவிருந்த உடன்படிக்கையை எதிர்த்து, அவ்வூர்க் கமக்காரர் சிலரும் விகாராதிபதி ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பிலே, அரசு இயற்கை வளங்களை மக்களின் சார்பில் காத்துநிற்கும் பொறுப்புடையது என்னும் கருத்து வலியுறுத்தப்பட்டது. மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு, நிலத்துக்கு நீ உடையவனல்லன், காவலனே என்று உரைத்ததாக வரலாறு கூறுவதும் அங்கே நினைவுகூரப்பட்டது. அரசும் காவலன் எனின், முதியவரின் கேள்விக்கு முழுமையான விடை கிடைத்துவிடுகின்றது: பெரியவரே, கல் உம்முடையதன்று, அரசாங்கத்தினுடையதுமன்று. நீரும் அரசும் காவலர். காவலில் தவறினால் உம்மைக் கேட்பது போலவே அரசையும் கேட்க வேண்டும்.

இக்கொள்கையை நடைமுறையிலே கொண்டுவருவது இயலாததன்று. எவ்வெவ் விடத்தில் எவ்வளவு ஆழம் வரை அகழலாம், எங்கே அறவே கூடாது என்பதை நிலத்தடி நீரின் நிலைகண்டு ஊருக்கு ஊர் வரைபடமாக வெளியிடலாம். அவ்வாறு அனுமதிக்கத்தக்க இடங்களில், கைக்கருவி கொண்டு தொழில் செய்வோருக்குப் பிரதேச செயலகத்திலேயே ஒரே நாளில் ஒரே மேசையிலே பத்திரம் வழங்கலாம். தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆதலின் விண்ணப்பம் தமிழிலும் இருத்தல் சலுகையன்று, கடமை. அகழ்ந்து முடித்த நிலத்தைத் திருத்துவதற்கெனப் பெறும் வைப்புப் பணம் உண்மையிலே குழியை மூடுவதற்குச் செலவாக வேண்டும். இந்தியாவிலே நிலத்தைத் துண்டு துண்டாக்கிச் 'சிறு தொழில்' என்ற பெயரிலே பெருந்தொழில் நடத்தியமை வெளிப்பட்டபோது, 5 ஹெக்டேயருக்குட்பட்ட சிறு குத்தகைகளுக்கும் சுற்றாடல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 இல் கட்டளையிட்டது. சிறியவரைப் பெரியவரின் முகமூடியாக்கும் அத்தந்திரத்தையும் நாம் விழிப்புடன் நோக்குதல் வேண்டும். அறவே கூடாதென்ற இடத்திலே தொழிலை நிறுத்துவோருக்கு வேறு பிழைப்பு காட்டப்படுதலும் வேண்டும். தென்கரையிலே தடைக்குப் பின்பும் பவளக்கல் எடுத்தல் நெடுநாள் ஓயாதிருந்தமைக்கு, காட்டப்பட்ட மாற்றுத் தொழில் பலருக்கு நிலைக்காதிருந்தமையும் ஒரு காரணம்.

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறு வீடு கட்டினேன். அத்திவாரத்துக்குக் கல் வேண்டியிருந்தது. மேசன் ஒருவரைச் சொன்னார், விலை மலிவு, லொறி இரவிலே வந்தது. ஏன் இரவிலே வந்தது என்று நான் கேட்கவில்லை. பத்திரத்தின் பிரதி உண்டா என்றும் கேட்கவில்லை. கல் நன்றாயிருக்கிறதா என்று மட்டுமே பார்த்தேன். அந்த வீட்டிலே, அந்தக் கல்லின் மேலே மேசை போட்டமர்ந்துதான் சுற்றாடலைப் பற்றியும் ஏழையைப் பற்றியும் தலையங்கங்கள் எழுதி வந்திருக்கிறேன். இரவிலே கல்லேற்றியவன் பிடிபட்டிருந்தால் அவன் தண்டம் கட்டியிருப்பான். எனக்கு அடுத்த லொறி வந்திருக்கும். வேலியோரத்திலே குந்தியிருந்த முதியவருக்கு நான் மறுமொழி சொல்லாமல் நின்றதன் காரணம் சட்டம் தெரியாமை மட்டுமன்று.

வாங்குகிறவன் கேட்டாலன்றி விற்கிறவன் பத்திரம் எடுக்கமாட்டான். ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டுவது சிறிது. வீடு கட்டுவோர், பாடசாலைக்கு மதில் கட்டும் அபிவிருத்திச் சங்கத்தார், கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் திருப்பணி செய்வோர், கல் இறக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சற்று விலை கூடினால் அதனைக் கிணற்றின் விலையெனக் கருதுங்கள். ஆசிரியர்கள் நெய்தல் நிலத்தைப் பாடம் நடத்தும்போது, பிள்ளைகளை அந்நெய்தலின் கிணறொன்றிலே நீரள்ளிச் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; ஐந்திணை அவர்களுக்கு அப்போது பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் தோன்றாது. எழுத்தாளர்களிடமும் ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத் தொழிலாளியையும் கடற்றொழிலாளியையும் எழுதிப் பெருமை கொண்ட நம் இலக்கியத்திலே, கல்லுடைப்பவனை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அவனை எழுதுங்கள், ஆனால் அவன் வெட்டிய குழியையும், அயலவளின் உவர்த்த கிணற்றையும், கல்லை வாங்கியவனின் வீட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

திரும்பும்போது முதியவர் எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். "காணீல காய்ச்சது மாஸ்டர், இதுக்கு ஒருத்தரும் பேர்மிட் கேக்க மாட்டாங்க" என்று கூறிச் சிரித்தார். இளநீர் இனித்தது. அவ்வினிப்பு அக்காணியின் அடியிலே இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பதை அவருடைய அலவாங்கும், அரசின் முத்திரையும், என்போன்றோர் கட்டும் வீடுகளும் சேர்ந்தே தீர்மானிக்கப் போகின்றன.